திரும்பி வந்த மெயிலெல்லாம் தவறான முகவரி அல்ல

கேள்வி: எங்கள் அமைப்பின் செய்திமடலை மாதம் இருமுறை சுமார் 12,000 பேருக்கு மெயிலில் அனுப்புகிறோம். சொந்த சர்வர்தான். ஒரு தடவைக்கு ஐம்பது முகவரி வீதம் பிசிசி-யில் போட்டு ஒரு ஸ்கிரிப்ட் அனுப்பும். ஒவ்வொரு இதழுக்கும் நூற்றுக்கணக்கில் மெயில்கள் திரும்பி வருகின்றன. அவற்றோடு ‘விடுமுறையில் இருக்கிறேன்’ பதில்கள், ‘இனி அனுப்ப வேண்டாம்’ என்பவர்கள், உண்மையாகவே ஏதோ கேட்டு எழுதுபவர்கள் என எல்லாம் ஒரே இன்பாக்ஸில் குவிகின்றன. சக ஊழியர் ஒருவர் இதைப் பிரிப்பதற்கே இரண்டு நாள் செலவிடுகிறார். அவருடைய வேலையைக் குறைக்க, தலைப்பில் ‘டெலிவரி ஆகவில்லை’ என்ற பொருளில் ஏதாவது இருந்தால் உள்ளே இருக்கும் முகவரியைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். போன இதழ் அனுப்பிய மறுநாள் 900-க்கு மேற்பட்ட முகவரிகள் காணாமல் போயின. அவர்களில் சிலர் அதற்கு முந்தைய நாள்கூட எங்களோடு மெயிலில் பேசியவர்கள். திரும்பி வந்த மெயில்களில் மூன்றை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு? இதை முழுக்கத் தானியங்கியாகச் செய்ய முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த ஸ்கிரிப்டை நிறுத்துங்கள். அப்புறம், இதழ் அனுப்புவதற்கு முந்தைய பேக்அப்பிலிருந்து அந்த 900 பேரையும் பட்டியலுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஆனால் அவர்களுக்கு உடனே மறுபடி அனுப்பிவிட வேண்டாம்.

காரணம் உங்கள் இரண்டாவது மாதிரியில் இருக்கிறது. அதன் அடிப்பகுதியில் 550 என்று தொடங்கி, பக்கத்தில் 5.7.1 என்று ஓர் எண், அதற்குப் பிறகு ‘உங்கள் ஐபி முகவரியிலிருந்து வரும் மெயிலை ஏற்பதில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியில் பெறுநரைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் இருக்கிறார், அவருடைய பெட்டியும் இருக்கிறது. அவருடைய மெயில் சேவைதான் உங்கள் சர்வரை உள்ளே விடவில்லை. மூன்றாவது மாதிரியும் அதே சேவை, அதே வரி. நீக்கப்பட்ட 900 முகவரிகளை டொமைன்வாரியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பகுதி அந்த ஒரே டொமைனில் இருக்கும் என்றே நினைக்கிறேன். தடை இருக்கும்போது அவர்களுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பினால் உங்கள் ஐபி-யின் பெயர் இன்னும் கெடும். மெயில் உண்மையாகவே உங்கள் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தச் சேவை மெயில் அனுப்புபவர்களுக்காக வைத்திருக்கும் போஸ்ட்மாஸ்டர் பக்கம் வழியாகத் தடையை நீக்கக் கேளுங்கள். அது நீங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பத் தொடங்கலாம்.

உங்கள் ஸ்கிரிப்டில் எனக்குப் பெரிதாகப் படும் குறை ஒன்றுதான். திரும்பி வந்த ஒவ்வொரு மெயிலையும் அது ‘முகவரி செத்துவிட்டது’ என்று படிக்கிறது. திரும்பி வந்த மெயிலிடம் கேட்க வேண்டியவை இரண்டு: இது யாரைப் பற்றியது? குறை யாருடையது, அவருடையதா நம்முடையதா? இந்த இரண்டுக்கும் உறுதியான பதில் கிடைக்காத எதையும் ஸ்கிரிப்ட் தொடக் கூடாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், தவறாக நீக்கப்பட்டவருக்கு அது தெரியவே தெரியாது. வராத மெயிலை யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ஒரு வருடம் கழித்து ‘இப்போதெல்லாம் செய்திமடல் போடுவதில்லையா?’ என்று யாராவது கேட்டால்தான் உண்டு.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். உங்கள் முதல் மாதிரியை நீங்களே குறிப்பிட்டு, ‘இதில் இருக்கும் முகவரி எங்கள் பட்டியலிலேயே இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது தவறில்லை. அந்தச் சந்தாதாரர் தன் பழைய முகவரியில் பதிவு செய்துவிட்டு, அங்கிருந்து புதிய முகவரிக்கு ஃபார்வர்ட் போட்டிருக்கிறார். புதிய பெட்டியில் ஏதோ சிக்கல். பவுன்ஸ், அதாவது திரும்பி வரும் மெயில், அந்தப் புதிய முகவரியைத்தான் சொல்லும். உங்களுக்குத் தெரிந்ததோ பழையது. அதனால் பவுன்ஸ் மெயிலின் உடலைத் துழாவி முகவரி தேடுவது என்ற வழியே நம்பத்தக்கதல்ல. சில சர்வர்கள் முகவரியைச் சொல்லவே சொல்லாது, சில நீங்கள் அனுப்பிய மெயிலை முழுதாக உள்ளே ஒட்டி அனுப்பும். அதில் உங்கள் தொடர்பு முகவரியும் இருக்கும் என்பதால், ஸ்கிரிப்ட் அதையே பிடித்து நீக்கினாலும் ஆச்சரியமில்லை.

இதற்குத் தீர்வு 1997-லேயே வந்துவிட்டது. க்யூமெயில் சர்வரை எழுதிய டேனியல் ஜே. பெர்ன்ஸ்டீன் முன்வைத்த முறை அது; வெர்ப் என்பார்கள். மெயிலுக்கு இரண்டு அனுப்புநர் முகவரிகள் உண்டு. ஒன்று, படிப்பவர் கண்ணில் படும் ‘ஃப்ரம்’. இன்னொன்று, தபாலில் உறைமேல் எழுதும் முகவரி மாதிரி, சர்வர்கள் தங்களுக்குள் பேசும்போது மட்டும் சொல்லிக்கொள்வது. வந்து சேர்ந்த மெயிலில் ‘ரிட்டர்ன்-பாத்’ என்று பதிவாகியிருக்கும். பவுன்ஸ் போக வேண்டிய இடம் இந்த இரண்டாவது முகவரிதான். எல்லாருக்கும் ஒரே உறை முகவரி போடாமல், பெறுநருக்கு ஒன்றாகப் போடுவதுதான் வெர்ப். பவுன்ஸ் எந்த முகவரிக்கு வந்தது என்று பார்த்தாலே யாரைப் பற்றியது என்று தெரிந்துவிடும். உள்ளே என்ன எழுதியிருந்தாலும் கவலையில்லை.

உங்கள் விஷயத்தில் அது இப்படி இருக்கும்: பவுன்ஸ்+31-4827-9034617, பிறகு அட் குறி, பிறகு உங்கள் டொமைன். 31 என்பது இதழ் எண், 4827 என்பது டேட்டாபேஸில் அந்தச் சந்தாதாரரின் எண், கடைசியில் இருப்பது இந்த இரண்டையும் ஒரு ரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண். அந்த மூன்றாவது பகுதியை வீண் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால், எண்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் போலி பவுன்ஸ் அனுப்பி உங்கள் பட்டியலையே ஒருவர் காலி செய்துவிட முடியும். எழுத்துகளும் சேர்ந்த குறியீடாக வைத்தால் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை நம்பாதீர்கள். வழியில் ஏதாவது ஒரு சர்வர் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கிவிடும். பிறகு சரிபார்ப்பு தோற்கும். அட் குறிக்கு முன்னால் இருக்கும் பகுதி 64 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பது, சர்வர்கள் மெயிலைக் கைமாற்றும் நெறிமுறையான எஸ்எம்டிபி-யின் விதி. பெறுநரின் முகவரியையே உள்ளே பொதிந்து எழுதும் பழைய பாணியை நான் பரிந்துரைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். நீளமான முகவரிகள் இடம் கொள்ளாது.

மெயில் சர்வர் மென்பொருளாக போஸ்ட்ஃபிக்ஸ் வைத்திருந்தால், கூட்டல் குறியைப் பிரிப்பானாக அமைக்க ஒரே வரி போதும். பவுன்ஸ்+எதுவாக இருந்தாலும் பவுன்ஸ் என்ற ஒரே பெட்டிக்கு வந்துவிடும். உறை முகவரிக்குத் தனி சப்டொமைன் வைக்கலாம். ஆனால் அதற்கு, வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவு வேண்டும், இல்லாவிட்டால் பவுன்ஸ் வந்து சேர இடமில்லை. எஸ்பிஎஃப் பதிவும் அதற்கே வேண்டும், ஏனென்றால் எஸ்பிஎஃப் சரிபார்ப்பது உறை முகவரியின் டொமைனைத்தான். அது உங்கள் ‘ஃப்ரம்’ டொமைனுக்குக் கீழேயே இருந்தால் டிமார்க்கின் வழக்கமான தளர்வு அமைப்பில் பொருந்திவிடும்.

இதெல்லாம் நடக்க வேண்டும் என்றால் பிசிசி முறையை விட்டாக வேண்டும். ஐம்பது பேருக்கு ஒரு மெயில் என்றால் உறை முகவரியும் ஒன்றுதான். ஒருவருக்கு ஒரு மெயில் என்று மாற்றுங்கள். 12,000 என்பது இன்றைய சர்வருக்குச் சாதாரணச் சுமை. அரை நாளில் பரப்பி அனுப்பினால் போதும். சந்தா நீக்க இணைப்பையும் ஆளுக்குத் தனியாகப் போடலாம் என்பது கூடுதல் வசதி.

இனி இரண்டாவது கேள்வி, குறை யாருடையது என்பது. இதில்தான் நேரம் செலவிட வேண்டும்.

மெயில் மறுக்கப்படுவது இரண்டு இடங்களில் நடக்கிறது. உங்கள் சர்வர் அந்தப் பக்கத்து சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடலாம். அப்போது பவுன்ஸ் மெயிலை எழுதுவது உங்கள் சொந்த சர்வர்தான், காரணம் உங்கள் சர்வரின் பதிவேடான லாகிலும் இருக்கும். அல்லது அந்த சர்வர் 250 என்று சொல்லி வாங்கிக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பி அனுப்பலாம். இதில் உங்கள் லாகில் ‘போய்ச் சேர்ந்தது’ என்றே இருக்கும். ஆகவே லாகை மட்டும் படித்தாலும் போதாது, பெட்டியை மட்டும் படித்தாலும் முழுமையாகாது. 250 என்றால் ஏற்றுக்கொண்டது என்றுதான் பொருள். இன்பாக்ஸில் விழுந்தது என்று இல்லை.

ஒழுங்காக எழுதப்பட்ட பவுன்ஸ் மெயில் பல பகுதிகளாக வரும். மனிதர் படிக்க ஒரு பகுதி, இயந்திரம் படிக்க ஒரு பகுதி, அப்புறம் பெரும்பாலும் உங்கள் மூல மெயில் அல்லது அதன் ஹெடர்கள் (மெயிலோடு சேர்ந்து போகும் தொழில்நுட்ப வரிகள்). இயந்திரப் பகுதியின் வடிவம், ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தரநிலை ஆவணங்களில் 3464-ஆவதில் இருக்கிறது. ஸ்கிரிப்ட் படிக்க வேண்டியது அதைத்தான், தலைப்பை இல்லை. தலைப்பு எந்த மொழியிலும் எந்த வடிவிலும் இருக்கலாம். இயந்திரப் பகுதியில் மூன்று வரிகள் முக்கியம்: ஆக்‌ஷன், ஸ்டேட்டஸ், டயக்னாஸ்டிக்-கோடு. ஆக்‌ஷனில் ‘ஃபெய்ல்ட்’ என்று இருந்தால்தான் அது தோல்வி. ‘டிலேய்ட்’ என்று இருந்தால் ‘இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன்’ என்ற தகவல் மட்டுமே. அதைத் தோல்வியாக எண்ணிவிட்டால், மறுநாள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த மெயிலுக்கும் ஒருவர் தண்டிக்கப்படுவார்.

ஸ்டேட்டஸ் எண்ணில் முதல் இலக்கம் 4 என்றால் தற்காலிகம், 5 என்றால் நிரந்தரம். எல்லாரும் சொல்லித்தரும் இந்தப் பாடம் சரிதான், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. நடு இலக்கம்தான் குறை எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. 1 என்றால் முகவரி: 5.1.1 அப்படி ஒரு பெட்டியே இல்லை, 5.1.2 அந்த டொமைனே சரியில்லை, 5.1.10 அந்த டொமைன் மெயிலே வாங்குவதில்லை என்று அறிவித்திருக்கிறது. 2 என்றால் பெட்டி: 5.2.1 முடக்கப்பட்டிருக்கிறது, 5.2.2 அல்லது 4.2.2 நிரம்பிவிட்டது. 3 என்றால் அந்தப் பக்கத்து மெயில் அமைப்பு; மெயில் அளவு பெரிது என்ற 5.3.4 இதில் வரும். 7 என்றால் கொள்கை, பாதுகாப்பு. அதாவது பெரும்பாலும் நாம்தான். உங்கள் 5.7.1 இந்த வகை. 5.7.26 என்று பார்த்தால் அங்கீகாரச் சோதனைகளில் மெயில் தோற்றது என்று பொருள். டிஎன்எஸ் பதிவுகளைப் போய்ப் பாருங்கள். நடு இலக்கம் 7 ஆக இருக்கும் எந்த பவுன்ஸும் சந்தாதாரர் கணக்கில் ஏறக் கூடாது. அது உங்கள் கணக்கில் ஏறட்டும்.

எண்கள் எப்போதும் உண்மை பேசும் என்றும் இல்லை. 5.0.0 என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உண்மைக் காரணத்தை டயக்னாஸ்டிக் வரியில் வார்த்தையாக எழுதும் சர்வர்கள் நிறைய. அந்த வரியில் தேட ஒரு சொற்பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எண், வார்த்தை இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் முடிவெடுங்கள். முரண்பட்டால் ‘தெரியவில்லை’ என்ற தனி வரிசைக்குப் போகட்டும். இயந்திரப் பகுதியே இல்லாத பவுன்ஸும் அங்கேதான். அந்த வரிசையை உங்கள் சக ஊழியர் பார்ப்பார். நூற்றுக்கணக்கில் இருந்தது அநேகமாக ஒரு கைப்பிடியாகக் குறைந்துவிடும்.

காரணம் தெரிந்த பிறகும் அவசரப்படக் கூடாது என்பதற்கு இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன். 2014 ஏப்ரலில் யாஹூ தன் டொமைனுக்கு டிமார்க் கொள்கையைக் கடுமையாக்கி, சரிபார்ப்பில் தோற்றால் மறுக்கச் சொன்னது. குழு மடல்களில் யாஹூ முகவரியிலிருந்து ஒருவர் எழுதியதும், அதே குழுவில் வேறு சேவைகளில் இருந்தவர்களின் சர்வர்கள் அந்த மெயிலை மறுத்தன. மறுப்புகள் பவுன்ஸ்களாகத் திரும்பின. குழு மென்பொருள் அவற்றைப் பெறுநர்களின் குறையாக எண்ணி, ஒரு தவறும் செய்யாதவர்களைக் கூட்டம் கூட்டமாக நிறுத்திவைத்தது. இன்னொன்று 2020 டிசம்பர் நடுவில் நடந்தது. ஜிமெயிலில் ஏற்பட்ட கோளாறால், நன்றாக இயங்கிக்கொண்டிருந்த பெட்டிகளுக்கும் சில மணிநேரம் 550 5.1.1, அதாவது ‘இப்படி ஒரு கணக்கே இல்லை’ என்ற பதில் போனது. இருப்பதிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத குறி என்று எல்லாரும் நம்பும் எண் அது. அன்று இதழ் அனுப்பியவர்களில், ஒரே பவுன்ஸில் முகவரியை அழிக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருந்தவர்கள் நல்ல வாசகர்களை இழந்தார்கள்.

அதனால் உங்கள் ஸ்கிரிப்டில் முதலில் எழுத வேண்டியது நீக்கும் பகுதி அல்ல, தன்னையே நிறுத்திக்கொள்ளும் பகுதி. ஒரு டொமைனில் இருபது பேருக்கு மேல் இருந்து, ஒரே இதழில் அவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தோல்வி என்றால், அந்த டொமைனில் யாரையும் தொடாமல் உங்களுக்கு ஒரு மெயில் அனுப்பிவிட்டு நிற்கட்டும். மொத்தப் பட்டியலுக்கும் அப்படி ஒரு வரம்பு வையுங்கள். இந்த எண்கள் என் தேர்வு. உங்கள் வழக்கமான தோல்வி விகிதத்தைப் பார்த்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த ஒரு நிபந்தனை போன இதழில் இருந்திருந்தால் அந்த 900 பேர் போயிருக்க மாட்டார்கள்.

அப்புறம் மதிப்பெண் முறை. குழு மடல் மென்பொருளான மெயில்மேனின் 2.1 பதிப்பில் இயல்பாக இருந்த அமைப்பு இது: நிரந்தரத் தோல்விக்கு 1, தற்காலிகத்துக்கு அரை, ஒரு நாளைக்கு ஒரு முறைதான் எண்ணப்படும், 5-ஐத் தொட்டால் நிறுத்தம், 7 நாள் புதிய பவுன்ஸ் இல்லாவிட்டால் பழைய கணக்கு காலாவதி. தினமும் பேச்சு நடக்கும் குழுவுக்கு அருமையான முறை. ஆனால் அதை அப்படியே எடுத்து உங்கள் செய்திமடலுக்குப் பொருத்தினால் ஒருவர்கூட ஒருபோதும் 5-ஐத் தொட மாட்டார், ஏனென்றால் இரண்டு இதழ்களுக்கு நடுவில் பதினைந்து நாள் இருக்கிறது. நீங்கள் நாள் கணக்கை விட்டுவிட்டு இதழ் கணக்கு வையுங்கள். 5.1.1, 5.1.2, 5.1.10 தெளிவாக வந்து, டொமைன் வரம்பும் தாண்டவில்லை என்றால் ஒரே தடவையில் நிறுத்திவைக்கலாம். இல்லாத பெட்டிக்குத் திரும்பத் திரும்ப அனுப்புவது உங்கள் பெயரைக் கெடுக்கும். பெட்டி நிரம்பியது என்றால் தொடர்ச்சியாக மூன்று அல்லது நான்கு இதழ்கள் பார்க்கலாம். நடுவில் ஒன்று போய்ச் சேர்ந்தால் கணக்கு பூஜ்யம். மற்ற தற்காலிகத் தோல்விகளை உங்கள் சர்வரே மறுமுயற்சியில் பார்த்துக்கொள்ளும். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பதுதான் ஆர்எஃப்சி 5321-இன் அறிவுரை. போஸ்ட்ஃபிக்ஸும் இயல்பாக 5 நாள் வைத்திருக்கும். எனவே ஒரு இதழின் கணக்கை ஆறாவது நாளுக்கு முன்பு மூடாதீர்கள்.

‘நிறுத்திவைக்கலாம்’ என்றுதான் எழுதியிருக்கிறேன், நீக்கலாம் என்று எழுதவில்லை. டேட்டாபேஸிலிருந்து யாரையும் அழிக்காதீர்கள். நிலை, தேதி, காரண எண், அந்த சர்வர் சொன்ன வரி அப்படியே, இவை நான்கையும் பதிவு செய்து அனுப்பும் வரிசையிலிருந்து மட்டும் விலக்குங்கள். தவறு நேர்ந்தால் ஒரே கட்டளையில் எல்லாரையும் மீட்டுவிடலாம் என்பது ஒரு பயன். இன்னொன்றும் உண்டு: அழித்துவிட்ட முகவரி ஏதாவது ஒரு பழைய எக்செல் கோப்பை யாராவது ஏற்றும்போது புதிய முகவரியாகத் திரும்பி வந்துவிடும். கைவிடப்பட்ட பெட்டிகளைச் சில மெயில் சேவைகள் நீண்ட காலம் மூடி வைத்துவிட்டு, பிறகு ஸ்பேம் அனுப்புபவர்களைப் பிடிக்கும் பொறியாகத் திறப்பது உண்டு. செத்த முகவரி உயிர்பெற்று வருவது எப்போதும் நல்ல செய்தியல்ல.

இப்போது பதில்கள். உங்கள் கடிதத்தில் இது ஒரு வரியாகத்தான் இருந்தது. எனக்கோ இதுதான் பவுன்ஸைவிட முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் அந்தக் குவியலுக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள்.

தானியங்கிப் பதில்களை முதலில் வடிகட்டிவிடுங்கள். ஆர்எஃப்சி 3834-இன்படி ‘விடுமுறையில் இருக்கிறேன்’ வகைப் பதில்கள் ‘ரிட்டர்ன்-பாத்’ முகவரிக்குத்தான் போக வேண்டும். அதாவது உங்கள் பவுன்ஸ் பெட்டிக்கே வந்து விழும். ‘பவுன்ஸ் பெட்டிக்கு வந்தால் தோல்வி’ என்று எழுதிவிட்டால், விடுமுறைக்குப் போனவரெல்லாம் பட்டியலை விட்டும் போய்விடுவார். சில அமைப்புகள் விதியை மதிக்காமல் ‘ஃப்ரம்’ முகவரிக்கு அனுப்பும். ஆகவே இரண்டு பெட்டிகளுக்கும் ஒரே வடிகட்டி வேண்டும். ‘ஆட்டோ-சப்மிட்டட்’ என்ற ஹெடர் இருந்து, அதன் மதிப்பு ‘நோ’ தவிர வேறு எதுவாக இருந்தாலும் அது இயந்திரம் எழுதியது. உறை முகவரி காலியாக வந்திருந்தாலும் அப்படித்தான். இவை எதற்கும் உங்கள் சர்வர் பதில் அனுப்பவே கூடாது. இரண்டு இயந்திரங்கள் விடிய விடியப் பேசிக்கொண்டிருக்கும். நீங்கள் அனுப்பும்போதே ‘ப்ரிசிடென்ஸ்: பல்க்’ ஹெடரும், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வர்களுக்காக ‘எக்ஸ்-ஆட்டோ-ரெஸ்பான்ஸ்-சப்ரஸ்’ ஹெடரும் சேர்த்துவிட்டால் இந்தப் பதில்கள் கணிசமாகக் குறையும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘நான் இந்த வேலையை விட்டுவிட்டேன், இனி இவரைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்பதும் தானியங்கிப் பதிலாகத்தான் வரும். அதில் இருக்கும் புது ஆளைப் பட்டியலில் சேர்க்க ஸ்கிரிப்டுக்கு உரிமையில்லை, அவர் சந்தா கேட்கவில்லையே. அப்படிப்பட்டவற்றைச் சக ஊழியரிடம் கொடுங்கள்.

‘நிறுத்துங்கள்’ என்று எழுதுபவர்கள் அடுத்து. இதில் கிட்டத்தட்ட எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு. பதிலில் ‘சந்தா நீக்கம்’ என்ற சொல் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் தேடும். ஒருவர் ‘போன இதழ் அருமை, அந்தக் கட்டுரையின் மூலம் கிடைக்குமா?’ என்று எழுதியிருப்பார். அவருடைய மெயில் செயலி உங்கள் மூல மெயிலைக் கீழே ஒட்டியிருக்கும். அதன் கடைசி வரியில், நீங்களே போட்ட ‘சந்தா நீக்க இங்கே அழுத்தவும்’ இருக்கும். பாராட்டி எழுதியவர் பட்டியலிலிருந்து போய்விடுவார். அதனால் மேற்கோளாக ஒட்டியதை வெட்டி, அவர் புதிதாக எழுதியதை மட்டும் பாருங்கள். அது இரண்டு மூன்று வார்த்தைக்குள் இருந்து, அதில் வேறு பேச்சே இல்லாமல் ‘நிறுத்தவும்’, ‘வேண்டாம்’ போன்றது மட்டும் இருந்தால் ஸ்கிரிப்ட் நிறுத்தட்டும். நீளமாக எழுதியிருந்தால் மனிதர் படிக்கட்டும். ‘தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள்’ என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். யார் எழுதினார் என்று கண்டுபிடிக்க அவர் முகவரியை நம்பாதீர்கள், வேறு முகவரியிலிருந்தும் எழுதுவார். ‘ரிப்ளை-டு’ முகவரியிலும் அதே எண்முறையை வைத்துவிட்டால் போதும்.

இந்தப் பதில்களே குறைய வேண்டும் என்றால் நீங்குவதை எளிதாக்குங்கள். ‘லிஸ்ட்-அன்சப்ஸ்கிரைப்’ ஹெடரும், 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8058-இன்படி ஒரே அழுத்தில் நீங்கும் வசதியும் கட்டாயம் வையுங்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், யாஹூ இரண்டும் பெருமளவில் அனுப்புபவர்களிடம் இதை எதிர்பார்க்கின்றன. ஜிமெயிலுக்கு மட்டும் நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் போனால் நீங்கள் அந்தக் கணக்கில் வருவீர்கள். கேட்டவரை இரண்டு நாளுக்குள் நீக்க வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. நீங்கும் வழி தெரியாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். உங்களைத் தடுத்த சேவையில் நடந்ததும் ஒருவேளை இதுவாக இருக்கலாம். மெயிலின் உள்ளே இருக்கும் சாதாரண இணைப்பைத் திறந்தவுடனே நீக்கிவிடாமல், ஒரு பக்கம் காட்டி உறுதி கேளுங்கள். பல நிறுவனங்களின் பாதுகாப்பு மென்பொருள் மெயிலில் வரும் இணைப்புகளையெல்லாம் தானே திறந்து பார்க்கும். ஸ்பேம் புகாரைத் திருப்பிச் சொல்லும் ஃபீட்பேக் லூப் வசதி யாஹூ, மைக்ரோசாஃப்ட் போன்றவற்றில் உண்டு. பதிவு செய்துகொண்டு, அதில் வருபவரை மறுபேச்சில்லாமல் நிறுத்துங்கள்.

இவையெல்லாம் போக மிஞ்சும் பதில்களை எந்த ஸ்கிரிப்டும் தொட வேண்டாம். ‘நோ-ரிப்ளை’ முகவரி போட்டுவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். எழுதிக் கேட்கும் வாசகர் கிடைப்பது அபூர்வம், அவருக்குக் கதவைச் சாத்தாதீர்கள்.

இவ்வளவையும் நீங்களே எழுதத்தான் வேண்டுமா? மெயில் அனுப்பும் சேவை ஒன்றுக்கு மாறினால் பவுன்ஸ் பாதி அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அமேசான் எஸ்இஎஸ் மாதிரியான சேவை ஒவ்வொரு பவுன்ஸையும் நிரந்தரம், தற்காலிகம் எனப் பிரித்து உங்கள் நிரலுக்குத் தகவலாகத் தந்துவிடும். அதில் பவுன்ஸ் விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் கணக்கைக் கண்காணிப்பில் வைப்பார்கள், 10-ஐத் தொட்டால் நிறுத்தவும் கூடும். எனவே மாறுவதாக இருந்தால் பட்டியலைச் சுத்தம் செய்த பிறகு மாறுங்கள். டொமைன் வரம்பும், நிறுத்திவைக்கும் பதிவும், மனிதப் பதில்களும் அப்போதும் உங்கள் பொறுப்புதான். சர்வரைப் பராமரிக்க ஆள் இருந்து, ஆர்வமும் இருந்தால் சொந்தமாகவே செய்யலாம். இல்லாவிட்டால் சேவைக்குப் போவதில் ஒரு குறையும் இல்லை.

எது செய்தாலும் முதல் இரண்டு இதழ்களுக்கு ஸ்கிரிப்டை வெறும் பார்வையாளராக ஓட்டுங்கள். யாரை, எந்தக் காரணத்துக்காக நிறுத்தியிருக்கும் என்று ஒரு அட்டவணையில் எழுதட்டும். யாரையும் தொட வேண்டாம். உங்கள் டொமைனிலேயே நீங்கள் உருவாக்காத ஒரு முகவரி, நிரம்பிய பெட்டி ஒன்று, விடுமுறைப் பதில் போட்ட பெட்டி ஒன்று, ஃபார்வர்ட் ஆகும் முகவரி ஒன்று என நான்கைப் பட்டியலில் சேர்த்து அனுப்பினால், நான்கும் எங்கே போய் விழுகின்றன என்று பார்த்துவிடலாம். அந்த இரண்டு இதழ்களுக்கும் உங்கள் சக ஊழியர் பழையபடி கையாலேயே பிரிக்கட்டும். பிறகு இருவர் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு இடத்திலும் அவரிடம் காரணம் கேட்டு, அதை விதியாக எழுதிக்கொள்ளுங்கள். இத்தனை காலம் அந்தப் பெட்டியைப் படித்தவர் அவர். எந்த டொமைன் எப்போது என்ன சொல்லும் என்பது அவருக்குத்தான் தெரியும்.